கார் உலர்த்த எந்தப் புளோவர்?

கொக்குவில் கிணறுகளில் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் ஊறி வருகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற கல்சியம்தான், கழுவிய கார் வெயிலில் காயும்போது பெயின்றிலும் கண்ணாடியிலும் புள்ளி புள்ளியாக ஒட்டுகிறது. பரந்த இடங்களைத் துணியால் துடைத்துவிடலாம். பக்கக் கண்ணாடிக்குள்ளும் கதவுக் கைபிடிக்குள்ளும் நம்பர் பிளேற்றுக்குப் பின்னாலும் நிற்கிற தண்ணீரைத் துணி எடுக்காது. கே.கே.எஸ். வீதியில் ஏறியதும் அது வடிந்து கோடு போடும். புளோவர் தேவைப்படுவது இந்த இடுக்குகளுக்குத்தான். ஆகவே பெரிய மெசினைத் தேட வேண்டாம்.

கடைக்குப் போகமுன் வீட்டுப் பிளக்கைப் பாருங்கள். பழைய 5 அம்பியர் உருண்டைப் பின் என்றால், 230 வோல்ற்றில் 1150 வோட்தான் எல்லை. 13 அம்பியர் சதுரப் பின் ஏறக்குறைய 3000 வோட் தாங்கும். 600 வோட் கைப்புளோவர் 3 அம்பியருக்கும் குறைவாகவே இழுப்பதால் இரண்டிலும் ஓடும்.

அடுத்தது லேபல். காற்றின் வேகத்தையோ மோட்டரின் சுற்றுகளையோ பார்த்து மயங்காதீர்கள். வாயைச் சிறிதாக்கினால் வேகம் தானாகக் கூடும். நிமிடத்துக்கு எத்தனை கன மீற்றர் காற்று என்று பாருங்கள். 3 முதல் 4 வரை இருந்தால் ஒரு காருக்குத் தாராளம்.

பற்றரிப் புளோவரில்தான் ஏமாற்று அதிகம். பெட்டியில் 88 'வீ.எஃப்.' என்று எழுதியிருந்தாலும், உள்ளே வரிசையாக 5 செல் இருந்தால் அது 18 வோல்ற்தான். 18 வோல்ற், 2 அம்பியர்-மணி பற்றரியில் உள்ளது 36 வோட்-மணி. 400 வோட் மோட்டருக்கு அது ஐந்து நிமிடம். கார் முடியமுன் நின்றுவிடும். கொம்பிரசர் வேண்டவே வேண்டாம். சின்னத் தாங்கி கெதியாக வெறுமையாகும். வடிகட்டி இல்லாவிட்டால் காற்றோடு எண்ணெயும் ஈரமும் வரும்.

பிறகு கையில் தூக்கிப் பாருங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் போனால் கூரைக்கு வரும்போதே கை உளையும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வழி வேண்டும். காற்று இழுக்கும் வாயில் வடிகட்டியும் இருந்தால் நல்லது. இல்லையென்றால், நிலத்திலுள்ள செம்பாட்டுத் தூசியை இழுத்து ஈரப் பெயின்றிலேயே வீசும். நுனி கடும் பிளாஸ்ரிக் என்றால் பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி மாட்டுங்கள், தட்டுப்பட்டாலும் கீறாது.

நிழலில் கழுவுங்கள். கடைசியில் குழாயின் நொசிலைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை மெதுவாக வழியவிட்டால் பாதி தானாக இறங்கிவிடும். பிறகு கூரையிலிருந்து கீழே வாருங்கள். ஒரு சாண் தூரம் போதும். சில்லுகள் கடைசியாக. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வைத்திருப்பவர்கள் கூரையோரப் பீலியையும் குரோம் பட்டிகளின் விளிம்பையும் விட்டுவிடாதீர்கள். துரு அங்கேயும் தொடங்கும். பெயின்ற் கிளம்பிய இடத்தில் மட்டும் காற்றை நேராக அடிக்க வேண்டாம். மிச்ச ஈரத்துக்கு மைக்ரோஃபைபர் துணி.

செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். வயரின் இணைப்பு ஈரத்தில் கிடக்கக்கூடாது. ட்ரிப் சுவிற்ச் இல்லாத வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

காசு கொடுக்கமுன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: கார்பன் பிரஷ் உள்ள மோட்டர் என்றால், அந்தப் பிரஷ் யாழ்ப்பாணத்தில் வாங்கலாமா? இல்லை என்றால், எவ்வளவு மலிவானாலும் வேறு பிராண்டைப் பாருங்கள்.