சுற்றுலாப் பணம் ஊரில் தங்குமா?

திருவனந்தபுரம் நகரில் ஆற்றங்கரையில் உள்ள பகுதி கரமனை. ஆற்றின் பெயரும் கரமனை ஆறுதான். இங்கே மலையாளமும் கேட்கும். தமிழும் கேட்கும். அக்கிரகாரத் தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. தமிழில் பல கீர்த்தனைகளைப் பாடிய நீலகண்ட சிவன் இங்கே வாழ்ந்தவர்.

கன்னியாகுமரிக்குப் போகும் நெடுஞ்சாலை கரமனை வழியாகச் செல்கிறது. பஸ்ஸிலும் வேனிலும் காரிலும் பயணிகள் போகிறார்கள். பாலத்தைக் கடக்கிறார்கள். போய்விடுகிறார்கள். சாலையின் நெரிசலும் புகையும் கரமனைக்குக் கிடைக்கின்றன. வருமானம் கிடைக்கிறதா?

இது கரமனையின் கேள்வி மட்டும் அல்ல. சுற்றுலாப் பயணிகள் வந்து போகும் ஒவ்வோர் ஊரும் கேட்க வேண்டிய கேள்வி.

பணம் வெளியே போகும் வழி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பயணி ஓர் ஊரில் 1,000 ரூபாய் செலவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊர் ஹோட்டலுக்குக் காய்கறி வெளியூர் லாரியில் வருகிறது. பாலும் மீனும் வெளியிலிருந்தே வருகின்றன. முதலாளியும் வெளியூர்க்காரர். உள்ளூரில் இரண்டு பேருக்கு வேலை கிடைக்கிறது. அவர்களின் கூலி 200 ரூபாய். ஊரில் தங்கியது அந்த 200 ரூபாய்தான். மீதி 800 ரூபாய் வந்த வழியே போய்விட்டது.

அதே ஹோட்டல் காய்கறி, பால், மீன் எல்லாவற்றையும் உள்ளூரிலேயே 300 ரூபாய்க்கு வாங்கினால்? ஊரில் தங்கும் பணம் 500 ரூபாய் ஆகும். காய்கறி விற்ற பெண் அந்தப் பணத்தில் பிள்ளைக்குச் சட்டை தைக்கக் கொடுப்பார். தையல்காரர் மளிகைக் கடைக்குப் போவார். ஒரே பணம் ஊருக்குள் பல கை மாறும்.

பயணிகள் பெருகினால் மட்டும் ஊர் வளர்ந்துவிடாது. அவர்கள் தரும் பணம் ஊருக்குள் சுற்ற வேண்டும்.

குமரகம் காட்டிய வழி

கோட்டயம் மாவட்டத்தில், வேம்பநாட்டு ஏரிக்கரையில் குமரகம் என்ற ஊர் இருக்கிறது. மீன்பிடிப்பும் விவசாயமும் அங்குள்ள தொழில்கள். ஏரியின் அழகைப் பார்க்கப் பயணிகள் வந்தார்கள். பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. ஆனால் ஹோட்டல்களுக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. உள்ளூர் நிலங்கள் சில தரிசாகக் கிடந்தன. ஏரி நம்முடையது, வருமானம் வேறு யாருக்கோ என்ற மனக்குறை மக்களுக்கு இருந்தது.

2007-இல் கேரள அரசு நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்தது. கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகியவை அந்த இடங்கள். சுற்றுலாவால் உள்ளூர் மக்களுக்கும் நன்மை வர வேண்டும், இயற்கையும் கெடக் கூடாது என்பது நோக்கம். இதற்குப் பொறுப்புச் சுற்றுலா என்று பெயர்.

2008-இல் குமரகத்தில் மூன்று தரப்பினர் கை கோத்தார்கள்.

முதல் தரப்பு பஞ்சாயத்து. கூட்டம் கூட்டுவதும், எல்லோரையும் ஒன்றாக உட்கார வைப்பதும் அதன் வேலை.

இரண்டாவது தரப்பு குடும்பஸ்ரீ பெண்கள். குடும்பஸ்ரீ 1998-இல் கேரளத்தில் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து சேமிப்பார்கள், தொழில் செய்வார்கள். குமரகத்தில் இவர்கள் காய்கறி பயிரிட்டார்கள். தரிசு நிலம் மீண்டும் பச்சையானது.

மூன்றாவது தரப்பு ஹோட்டல்கள். உள்ளூர்ப் பொருளை வாங்குவதாக அவை ஒப்புக்கொண்டன.

மூன்று ஏற்பாடுகள்

நல்ல மனம் மட்டும் இருந்தால் வியாபாரம் நடக்காது. அதனால் மூன்று ஏற்பாடுகள் செய்தார்கள்.

ஒன்று, விலைக் குழு. விலையை ஒருவர் மட்டும் முடிவு செய்தால் மற்றவருக்குச் சந்தேகம் வரும். எல்லாத் தரப்பும் உட்கார்ந்து பேசினால் சண்டை குறையும்.

இரண்டு, தரக் குழு. வாடிய கீரையையும் அழுகிய தக்காளியையும் யார் வாங்குவார்கள்? பொருள் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இந்தக் குழு.

மூன்று, பயிர்க் காலண்டர். தண்டுக்கீரை ஒரு மாதத்தில் பறிக்கத் தயாராகும். கத்தரி காய்க்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். நேந்திரன் வாழைக்குப் பத்து மாதம் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தரி போட்டால் ஒரு வாரம் குவியும், அடுத்த வாரம் ஒன்றும் இருக்காது. ஹோட்டலுக்கோ தினமும் காய் வேண்டும். யார், எதை, எப்போது விதைப்பது என்று எழுதி வைத்தால் இந்தக் குறை தீரும்.

குமரகத்தின் முயற்சிக்காகக் கேரளத்துக்கு 2013-ஆம் ஆண்டுக்கான ஐக்கிய நாடுகள் உலகச் சுற்றுலா அமைப்பின் விருது கிடைத்தது. 2017-இல் கேரள அரசு இதற்கென்று தனி மிஷன் அமைத்தது.

எழுத்தும் கணக்கும்

விற்றவர் ரசீதைப் படிக்க வேண்டும். எத்தனை கிலோ, என்ன விலை, எந்தத் தேதி என்று நோட்டில் எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கோட்டயம் நகரம் 1989-இல் முழு எழுத்தறிவு பெற்றது. கேரளம் முழுவதும் 1991 ஏப்ரல் 18-இல் அந்த நிலையை அடைந்ததாக அறிவிக்கப்பட்டது. படிப்பு இல்லாமல் கூட்டு வியாபாரம் நிலைப்பது கடினம். கணக்கு தெரிந்தவரை ஏமாற்றுவதும் கடினம்.

ஒரே காலில் நிற்கக் கூடாது

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. 2020-இல் கொரோனா வந்தது. பயணிகள் வருவது நின்றது. சுற்றுலாவை மட்டும் நம்பியவர் திண்டாடினார். காய்கறி விளைவித்தவருக்கு உள்ளூர்ச் சந்தையாவது உண்டு. சுற்றுலா கூடுதல் வருமானமாக இருக்கலாம். அதுவே எல்லாமாக இருந்தால் ஆபத்து.

கரமனை என்ன செய்யலாம்?

கரமனை நகரப் பகுதி. இங்கே பஞ்சாயத்து இல்லை, மாநகராட்சி இருக்கிறது. பெரிய வயல்களும் இல்லை. குமரகத்தை அப்படியே நகல் எடுக்க முடியாது. ஆனால் கரமனைக்கு வேறு செல்வங்கள் உண்டு. கைப்பக்குவம் உண்டு. அப்பளமும் வடகமும் முறுக்கும் செய்யும் கைகள் உண்டு. கோயிலும் இசையும் ஆறும் உண்டு.

அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்ந்தால் பலம் கூடும். ஆறு கீழே போய்த் திருவல்லம் பரசுராமர் கோயில் பக்கம் சென்று, கோவளத்துக்கு அருகே கடலில் சேர்கிறது. நெடுஞ்சாலையில் தெற்கே போனால் பாலராமபுரம். பாலராம வர்மா மன்னர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்த சாலியர்கள் அங்கே கைத்தறியை வளர்த்தார்கள். இன்னும் தெற்கே பத்மநாபபுரம் அரண்மனை. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். பராமரிப்பது கேரள அரசு.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகிறார்கள். களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து, கரமனை வழியாக வருகிறார்கள். இரு மாநிலத்தாரும் சேர்ந்து ஆண்டுதோறும் இதை நடத்துகிறார்கள். விழாவுக்குச் சேர முடிகிறது. தொழிலுக்கும் சேர முடியும். பாலராமபுரம் துணியும் கரமனைப் பலகாரமும் ஒரே கடையில் இருக்கலாம். ஒரே வழிகாட்டி இந்த இடங்களைக் காட்டலாம்.

ஆனால் ஒரு வரம்பு வேண்டும். தெருவில் உள்ளவை மக்கள் வாழும் வீடுகள். கேட்காமல் திண்ணையில் ஏறிப் படம் எடுப்பது சரியாகாது. வைக்கத்தில் சுற்றுலாவுக்கென்றே கிராம சபைகள் கூடின. எதைப் பயணிகளுக்குக் காட்டலாம் என்று மக்களே பேசினார்கள். கரமனையிலும் தெருக்காரர்கள் முதலில் பேச வேண்டும். ஆற்றில் குப்பை விழாமல் பார்ப்பதும் இதில் சேரும். குப்பை மிதக்கும் ஆற்றைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். வராவிட்டாலும், ஆற்றங்கரையில் வாழ்வோருக்குச் சுத்தமான ஆறு வேண்டும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் எதற்காக வருகிறார்கள்?
2. உங்கள் ஊர் ஹோட்டலும் டீக்கடையும் காய்கறியையும் பாலையும் எங்கே வாங்குகின்றன? கேட்டு எழுதுங்கள்.
3. அவற்றில் எதை உங்கள் குழு தினமும் தவறாமல் தர முடியும்?
4. பயணிகளுக்குக் காட்ட வேண்டாதது உங்கள் தெருவில் என்ன? அதை யார் முடிவு செய்ய வேண்டும்?