இலக்கமுறைத் தொலைபேசி இணைப்பும் அரசு அலுவலகமும்

2011ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஆந்திரப் பிரதேச அரசின் 'மீசேவா' திட்டம் திருப்பதியில் தொடங்கப்பெற்றது. வருவாய்த்துறைச் சான்றுகள் முதலியவற்றை இலக்கமுறைக் கையொப்பத்துடன், மக்களுக்கு அண்மையிலுள்ள மையங்களிலேயே வழங்குவது இதன் நோக்கமாகும். அன்று திருப்பதியையும் உள்ளடக்கியிருந்த சித்தூர் மாவட்டத்தில் 66 மண்டலங்கள் இருந்தன. 2022 ஏப்ரலில்தான் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. தொலைவிலுள்ள குப்பம் போன்ற ஊர்களில் இணைப்பு அறுந்தால், சான்று பெற வந்த கூலித் தொழிலாளி அன்றைய ஊதியத்தை இழந்து வெறுங்கையுடன் திரும்ப நேரும். எனவே, தொலைபேசி இணைப்பும் கணினிக் கருவியும் சந்திக்கும் இடத்தை அலுவலர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நன்று.

இணைப்பின் அளவு

மனிதக் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளாகக் குறிக்கப்படுகிறது. ஆகவே, ஒரு குரல் வழிக்கு நொடிக்கு 64 கிலோபிட் தேவை. இத்தகைய 32 வழிகளை ஒன்றாகக் கட்டியதே 'இ-1' இணைப்பு. அதன் வேகம் 2,048 கிலோபிட். முதல் வழி, கட்டின் தொடக்கத்தைக் காட்டும் அடையாளத்திற்கு உரியது. தரவுக்கு 31 வழிகள் வரை பயன்படும். மாநிலத் தலைநகர், மாவட்டம், வட்டாரம் ஆகியவற்றை இணைக்க 2005ஆம் ஆண்டு மார்ச்சில் ரூ.3,334 கோடியில் நடுவண் அரசு ஏற்ற அகலப்பரப்பு வலையமைப்புத் திட்டம் குறைந்தது 2 மெகாபிட் வேகத்தை வகுத்தமை, இவ்வளவையொட்டியதே எனலாம்.

முனைக் கருவிகள்

தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் செப்புக் கம்பி அலுவலகத்தில் மோடத்தில் முடிகிறது. மோடத்திலிருந்து ரூட்டருக்கும், ரூட்டரிலிருந்து கணினிகளுக்கும் கம்பிகள் செல்கின்றன. மோடம் கம்பியின் மின்துடிப்புகளைப் பிட்டுகளாக மாற்றுகிறது. ரூட்டர் எந்தச் செய்தி எவ்வழி செல்வது எனத் தீர்மானிக்கிறது.

எவருடைய கடிகாரம்?

இங்குப் பெரிதும் நேரும் பிழை கடிகாரத்தைப் பற்றியது. ஒவ்வொரு பிட்டும் எப்போது தொடங்குகிறது என்பதை இரு முனைகளும் ஒரே துடிப்பில் அறிதல் வேண்டும். இணைப்பு தொலைபேசித் துறையின் வலையமைப்பின் வழியே செல்லுமாயின், அவ்வலையமைப்பின் துடிப்பையே அலுவலக ரூட்டர் பின்பற்ற வேண்டும். மாறாக, ரூட்டர் தன் சொந்தக் கடிகாரத்தில் இயங்குமாறு அமைக்கப்பட்டால் இரண்டும் சிறிது சிறிதாக விலகும். பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அது நொடிக்கு 102 பிட்டுகளாகும். 256 பிட்டுகள் கொண்ட ஒரு சட்டம் ஏறத்தாழ இரண்டரை நொடிக்கு ஒருமுறை நழுவும். உரையாடலில் இது ஒரு சிறு 'கிளிக்' ஒலியாகவே முடியும். தரவிலோ செய்தி சிதைந்து, மீண்டும் அனுப்பப்பட வேண்டியதாகிறது. விளக்குகள் யாவும் பச்சையாக எரிய, விண்ணப்பம் மட்டும் நகராத நிலைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பழுது அறியும் முறை

பழுது எப்பக்கம் என்பதை அறிய, பணியாளர் 'லூப்' போட்டுப் பார்ப்பர். அலுவலக மோடத்தில், வெளிக்கம்பியின் பக்கமாக, வரும் துடிப்புகளை அப்படியே திருப்பி அனுப்புமாறு செய்வதே இச்சோதனை. நிலையம் அனுப்பியது பிழையின்றித் திரும்பினால் வெளிக்கம்பி நன்று. பழுதை மோடத்திற்கு இப்புறம் தேட வேண்டும். திரும்பாவிடில் கம்பியையும் மோடத்தையும் ஆராய வேண்டும். இச்சோதனையைச் செய்யாமல் அலுவலகமும் நிலையமும் ஒன்றன்மேல் ஒன்று பழி கூறினால் நாட்கள் வீணாகும்.

படிப்பினை

2017 டிசம்பரில் ஆந்திர கண்ணாடி இழை வலையமைப்பைக் குடியரசுத் தலைவர் தொடங்கிவைத்தார். செப்புக் கம்பியின் இடத்தை இழைகள் பெற்றுவருகின்றன, கருவிகளும் மாறுகின்றன. எனினும், இணைப்பு எங்கு முடிகிறது, எக்கடிகாரம் ஆள்கிறது, பழுது எப்பக்கம் என்ற மூன்று கேள்விகளும் மாறவில்லை. கருவி வாங்கும் செலவுடன், இவற்றுக்கு விடையறிந்த ஒருவரை மண்டல அளவில் பயிற்றுவிக்கும் செலவும் சேர்க்கப்படுமாயின், திட்டத்தின் பயன் கடைசி மையம் வரை சென்று சேரும்.