கொதித்த எஞ்சினும் கிணற்று நீரும்

தமிழ் கற்பிக்கும் ஒருவன் யூபிலி மலரிலே மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலருக்கு நகைப்பை விளைத்தல் கூடும். எனினும், பழைய வண்டியொன்றை வீட்டு முற்றத்திலே செப்பனிட்டபோது யான் கற்ற பாடம் மாணவர்க்கும் பயன்படும் எனக் கருதி இதனை எழுதலானேன்.

என் தந்தையார் விட்டுச்சென்ற வண்டி 1958 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்வண்டியினம், நடுத்தர வருவாயினரும் வாங்கத்தக்கதாய் 1948 இல் இங்கிலாந்திலே வெளிவந்து, 1971 வரையில் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையிற் செய்யப்பட்டது. எங்கள் வண்டியின் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவினது. 1990களிற் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில், சில துளி பெற்றோலாற் கிளப்பப்பட்டுப் பின் மண்ணெண்ணெயில் ஓடியது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது கொட்டிலில் விடப்பட்டு, நாம் மீண்டபோதும் அங்கேயே நின்றது. தந்தையார் மறைந்தபின் பல ஆண்டுகள் தூசி படிந்து கிடந்த அதனை யான் 2018 இற் செப்பனிடத் தொடங்கினேன்.

நெடுங்காலம் நின்ற வண்டியை உடனே கிளப்புதல் தவறு. முதலிற் பிறேக்கின் றபர் உறுப்புக்களையும் எண்ணெயையும் மாற்றினேன். பெற்றோற் தாங்கியிலிருந்த துருவைக் கழுவினேன். வெடித்த மின்கம்பிகளைப் புதுக்கினேன். உக்கிய அடித்தளத்தகட்டை ஒட்டுவேலைக்காரரைக் கொண்டு மாற்றுவித்தேன். பின்னர் உருளைகளுட் சிறிது எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையாற் சுழற்றிப் பார்த்தே கிளப்பினேன். வண்டி ஓடிற்று, ஆனால் ஐந்தாறு மைல் ஓடியதும் கொதித்தது.

அதன் பின்னர் யான் செய்தது பெரும் பிழை. நாள்தோறும் வீட்டுக் கிணற்று நீரை ரேடியேற்றரில் நிரப்பி ஓட்டினேன். வழிக்கென ஒரு கலனிலும் கொண்டு சென்றேன். திருத்துநர் ஒருவர் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, இனிக் கொதியாது என்றார். ஒருநாள் நண்பகலில், நிழலோ நீரோ இல்லாத வல்லை வெளியிலே, ஆவி கக்கி வண்டி நின்றது. உருளைத்தலையின் காஸ்கெற் எரிந்துவிட்டது.

பின்பு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிற் பல, கேத்தலின் அடியிற் படிவது போன்ற வெண்கல்லால் அடைபட்டிருந்தன. எஞ்சின் உடலின் வடிகுழாயைத் திறந்தால் நீர் வரவில்லை. கம்பியாற் குத்தியபின் சேறே வந்தது.

காரணம் நமது மண்ணிலேயே உள்ளது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறைமேல் அமைந்தது. காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு நிலத்துட் செல்லும் மழைநீர், அப்பாறையைக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாகக் கிணற்றுக்குக் கொணர்கின்றது. அந்நீரைச் சூடாக்கினால், கரையாத கல்சியம் காபனேற்று படிகின்றது. அப்படிவு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. எனவே, யான் மருந்தென்று வார்த்த ஒவ்வொரு கலன் நீரும் நோயையே வளர்த்தது.

வண்டி கொதித்தால் ஆராயவேண்டிய முறை பின்வருமாறு:

முதலாவது, எஞ்சின் நன்றாக ஆறும்வரை ரேடியேற்றர் மூடியைத் தொடலாகாது. எனது வண்டியின் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்குவது. அவ்வமுக்கத்தில் நீரின் கொதிநிலை ஏறக்குறைய 111 பாகை சதமளவை. மூடியைத் திறந்தவுடன் அமுக்கம் நீங்க, நீர் பொங்கி முகத்தில் அடிக்கும். சூடான எஞ்சினிற் குளிர்நீர் வார்த்தலும் ஆகாது. வார்ப்பிரும்பு வெடித்தல் கூடும்.

இரண்டாவது, குழாய்க் கசிவு, மூடியின் றபர், விசிறிப் பெல்ற்றின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். தீப்பொறி பிந்தி விழினும் எஞ்சின் சூடேறும்.

மூன்றாவது, தேர்மோஸ்ரற்றை எறியாது சோதிக்கவேண்டும். நீருள்ள பாத்திரத்தில் வெப்பமானியோடு அதனைத் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதிற் பொறித்துள்ள வெப்பநிலையை அண்மித்துத் திறக்க ஆரம்பிக்கவேண்டும். எனதில் 82 பாகை. அஃதின்றி ஓடும் எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதிப்பதால், எரிபொருள் வீணாவதோடு உருளைகளும் தேயும்.

நான்காவது, ரேடியேற்றரைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி, எதிர்த்திசையில் நீர் பாய்ச்சவேண்டும். எஞ்சியிருந்த படிவை இளஞ்சூட்டு நீரிற் கரைத்த சித்திரிக் கமிலத்தாற் கரைத்துப் பலமுறை அலசினேன்.

ஐந்தாவது, நீரில் இடையறாது குமிழிகள் எழுந்தாலோ, எஞ்சின் எண்ணெய் பால்நிறமுற்றாலோ காஸ்கெற்றை ஐயுறவேண்டும். யான் தலையின் சமதளத்தை நேர்விளிம்பால் நோக்கியபின், புதிய காஸ்கெற்றை இட்டு, திருகுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக 40 இறாத்தல்-அடி வரை இறுக்கினேன்.

இவ்வாறு செய்தபின் வண்டி பருத்தித்துறை வரை சென்று மீண்டது, கொதிக்கவில்லை.

இனி ஒன்று கூறல் வேண்டும். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தின் கீழ் ஒரு பீப்பா இருந்தது. மாரியில் ஓட்டு நீரை அதிலே பிடித்து, துணியால் வடித்து, வண்டிக்கென்றே தந்தையார் சேமித்து வைப்பார். கிணறு பக்கத்திலிருக்க இஃது ஏன் என்று யாம் சிறுவராயிருந்தபோது நகைத்தோம். அவரும் விளக்கினாரல்லர், யானும் வினவினேனல்லேன். அவர் மறைந்தபின் அப்பீப்பாவை உதவாதென்று அப்புறப்படுத்தியவனும் யானே. வெண்கல் படிந்த ரேடியேற்றரைக் கையிலேந்தி நின்ற அன்றுதான் அவர் செயலின் காரணம் எனக்கு விளங்கிற்று. மழைநீரிற் கரைந்த சுண்ணம் மிகக் குறைவு.

இப்பொழுது தாழ்வாரத்தின் கீழ் மீண்டும் ஒரு பீப்பா இருக்கின்றது. அந்நீரோடு துருத்தடுக்கும் குளிர்த்தித் திரவத்தைக் கலந்து வார்க்கின்றேன். அத்திரவம் இனிப்பான நஞ்சாதலால், சிறுவர்க்கும் நாய்க்கும் எட்டாது வைத்தல் வேண்டும். பீப்பா ஏனென்று என் மகன் சென்ற மாரியில் வினவினான். அவனுக்குக் கேத்தலின் அடியைக் காட்டி முழுவதையும் விளக்கினேன். மாணவர்காள், பெரியோர் செய்வன விளங்காதபோது நகையாது வினவுங்கள். அவர்கள் இருக்கும்போதே வினவுங்கள்.