சந்திரசேகர் சொன்னதைத் தேடப்போய்க் கிடைத்த தூசி

போலரைஸ்டு கூலிங்கிளாஸ் வைத்திருக்கும் நண்பனிடம் அதை வாங்கி, லேப்டாப் ஸ்கிரீன் முன்னால் மெதுவா திருப்பிப் பாருங்க. ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும். பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த ‘தளவிளைவு’ இதுதான்: ஒளி ஒரே தளத்தில் அதிர்வது.

சூடான நட்சத்திரத்தின் விளிம்பிலிருந்து வரும் ஒளி சுமார் 11 சதவீதம் வரை இப்படித் தளவிளைவு அடையும் என்று 1946-இல் கணக்குப் போட்டார் நம்ம சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்ரமணியன் சந்திரசேகர். அதைச் சோதிக்கத்தான் ஹில்ட்னரும் ஹாலும் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். 1949-இல் வெளியானதோ வேறு கதை. தளவிளைவு இருந்தது, ஆனால் காரணம் நட்சத்திரம் இல்லை, வழியில் கிடந்த தூசி! (சந்திரசேகர் சொன்ன விளைவு, வேகமாகச் சுழலும் மகம் நட்சத்திரத்தில் 2017-இல்தான் பிடிபட்டது.)

தூசி எப்படி இதைச் செய்யும்? காஞ்சிபுரம் நெசவாளர் தெருவில் பாவு இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீங்க, எல்லா இழையும் ஒரே வாட்டத்தில். விண்வெளித் தூசித் துகள்களும் கொஞ்சம் நீளவாக்கில் இருப்பவை. காந்தப்புலம் அவற்றை ஒரே வாட்டத்தில் நிறுத்துகிறது, புலத்துக்குக் குறுக்காக. துகளின் நீளவாக்கில் அதிரும் ஒளி அதிகம் தடைபடும், குறுக்கே அதிர்வது தப்பித்து வரும்.

எந்த அலைநீளத்தில் தளவிளைவு உச்சமோ, அது துகளின் அளவைக் காட்டிக்கொடுக்கும். நம் பால்வீதியில் சராசரி 0.55 மைக்ரான். சரி, அடுத்த கேலக்ஸியில்? அங்கே தனி நட்சத்திரத்தைப் பிடிப்பது கஷ்டம். ஆனால் சூப்பர்நோவா வெடித்தால் இலவச டார்ச் லைட். அதிலும் ஒன்று-ஏ வகைக்குச் சொந்தத் தளவிளைவு மிகக் குறைவு, தெரிவதெல்லாம் பெரும்பாலும் தூசியின் கைவேலை. சென்டாரஸ்-ஏ கேலக்ஸியில் வெடித்த 1986ஜி-க்கு உச்சம் 0.43 மைக்ரான். அதாவது துகள்கள் நம்முடையதைவிடச் சிறியவை. லண்டனில் கல்லூரி மாணவர்கள் வகுப்பின்போது கண்ணில் பட்ட 2014ஜே (எம்82 கேலக்ஸி) இன்னும் விசித்திரம்: நீலப் பக்கம் போகப்போக அளவு ஏறிக்கொண்டே போனது.

இதில் என்ன வந்தது என்கிறீர்களா? பிரபஞ்சத்தின் தூரங்களை அளப்பதே இந்த வகை சூப்பர்நோவாவின் பிரகாசத்தை வைத்துத்தான். தூசி ஒளியை ஒரு மேக்னிட்யூட் சிவப்பாக்கினால், பால்வீதிக் கணக்கில் 3.1 மேக்னிட்யூட் மங்கும். 1986ஜி-யின் தூசிக்கு 2.4 தான். நம்ம ஊர்க் கணக்கை அங்கே போட்டால் 0.7 வித்தியாசம். கால்குலேட்டரில் தட்டிப் பாருங்க, தூரம் 28 சதவீதம் குறைந்து வரும்.