நாலு வயசுக்குள்ளே எத்தனை வயசு!

என் மகள் நாலு வயது முடிவதற்குள் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். செகந்திராபாத் பேருந்துகளின் தெலுங்குப் பலகையையும் தட்டுத் தடுமாறி வாசிக்கிறாள். சொல்லும்போதே பெருமையாக இருக்கிறது, மறைப்பானேன்? ஆனால் அதே பெண்ணுக்குச் சட்டைப் பொத்தான் போட வராது. பென்சிலைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடிப்பாள். விளையாட்டில் தோற்றால் தரையில் புரண்டு அழுவாள். வாசிப்பில் ஏழு வயது, விரலில் மூன்று, கோபத்தில் இரண்டு. இத்தனை வயதையும் ஒரே வகுப்பில் எப்படி உட்காரவைப்பது? அவளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்ற யோசனை இந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.

ஹைதராபாத்தில் ஒன்றாம் வகுப்புக்கு முன் நர்சரி, பிபி-1, பிபி-2 என்று வரிசை. நாங்கள் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில், அவள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு நேராக பிபி-2-வில் சேர்க்கலாம் என்றார்கள். எங்களுக்கும் ஒரு நிமிஷம் தலைகால் புரியவில்லை. அப்புறம் அந்த வகுப்பு நோட்டைப் புரட்டினேன். நாலுகோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத்து. வாசிக்கிற பிள்ளைக்கு எழுதவும் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணும் காதும் ஓடுகிற வேகத்துக்கு விரல் தசை வளர்வதில்லை.

கும்பகோணத்திலிருந்து அப்பா ஃபோனில், “ஏம்மா, கெட்டிக்காரப் பிள்ளையை வீட்டுல வச்சிருந்தா எப்படி? டபுள் ப்ரமோஷன் வாங்கிடலாமே” என்பார். இங்கே அக்கம்பக்கத்தில் சொல்வது வேறு: “நைனா ஜெய்ஸ்வால் மாதிரி ஆக்கப் போறீங்களா?” இந்த ஊரில் வீட்டுக்கல்வி என்றால் முதலில் வருகிற பெயர் அதுதான். டேபிள் டென்னிஸ் வீராங்கனை; வீட்டிலேயே படித்து எட்டு வயதில் பத்தாம் வகுப்பு முடித்து, பதின்மூன்றில் இதழியல் பட்டம் வாங்கியவர். தம்பி அகஸ்தியா 2015-இல், ஒன்பது வயதில், தெலங்கானா பத்தாம் வகுப்புத் தேர்வில் தேறினார். அண்ணாந்துதான் பார்க்கிறேன். அந்தக் கதையில் எல்லோரும் வயதையும் பட்டத்தையும் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பெண் மட்டையோடு மேசைக்கு முன் நின்ற நேரம். மூளைக்குச் சமமாக உடம்புக்கும் வேலை இருந்திருக்கிறது. மற்றபடி அந்த ஓட்டம் எங்களுக்கு வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில்கூடப் பத்தாம் வகுப்பு எழுதப் பதினான்கு வயது ஆகவேண்டும். அவசரப்பட்டு எங்கே போய் நிற்பது?

சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரைக்கும்தான் பேசுகிறது. அதற்குக் கீழே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆறு முடிந்ததும் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதாகத்தான் எங்கள் திட்டம்.

இனி, செய்கிற காரியம். வாசிப்பை நாங்கள் சொல்லிக்கொடுப்பதே இல்லை. அது தானாக ஓடுகிறது, புத்தகம் மட்டும் போட்டால் போதும். ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் தெலுங்கிலும் இலவசமாகக் கிடைக்கும். தமிழில் ஒருமுறை படித்த கதையைத் தெலுங்கில் திறந்தால், தெரியாத எழுத்தைக் கதையை வைத்தே பிடித்துவிடுகிறாள். பழவண்டிக்காரரிடமிருந்து இந்த ஊர் உருதுவின் ‘நக்கோ’வும் (வேண்டாம்) ‘ஹவ்’வும் (ஆமாம்) செலவில்லாமல் வந்து சேர்ந்தன.

எங்கள் பகல் முழுக்க விரலுக்குத்தான். பட்டாணி உரிப்பது, கோலமாவைக் கிள்ளிப் புள்ளி வைப்பது, தாத்தாவின் பழைய சட்டையில் பெரிய பொத்தான்களை மாட்டிக் கழற்றுவது. இந்தக் கடைசி யோசனை என்னுடையதில்லை. பொத்தான் போட, நாடா கட்டப் பழகுவதற்கென்றே மரச்சட்டம் செய்து வைத்தவர் மரியா மாண்டிசோரி. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், உலகப் போரில் மாட்டி, 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார். அவர் பேரைப் பலகையில் போட்டுக்கொள்கிற பள்ளிகளில் சிலவற்றில் அந்த மரச்சட்டத்தைத் தேடிப் பார்த்தேன். சுவரில் ஆங்கில எழுத்து அட்டைகள்தான் இருந்தன.

கணக்குக்குப் பல்லாங்குழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. முதலில் போடும்போது ஒவ்வொன்றாக எண்ணினாள். சில நாளில் கொட்டையை அள்ளி, பார்க்காமலே ஐந்தை விட்டுவிட்டு மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டாள். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று, எடுப்பதற்கு முன்னால், உதட்டை அசைத்துக்கொண்டே கண்ணால் நடந்து பார்க்கிறாள். அங்கேதான் கணக்கு நடக்கிறது. கோபத்துக்கும் அதுவே பாடம். வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதில்லை என்று நானும் கணவரும் பேசி வைத்திருக்கிறோம். அழுது முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், சமாதானம் சொல்வதில்லை.

கீழே பார்க்கிங்கில் இன்னொரு வகுப்பு நடக்கிறது. வண்டி எண் பலகையில் ஏபி, டிஎஸ், டிஜி என்று மூன்று வகை. 2014-இல் மாநிலம் பிரிவதற்கு முன் பதிவான வண்டிக்கு ஏபி, அப்புறம் வந்ததற்கு டிஎஸ், 2024 மார்ச்சிலிருந்து டிஜி. “இது தாத்தா வண்டி, இது அண்ணா வண்டி, இது பாப்பா வண்டி” என்று பிரிக்கிறாள். விஜயவாடாவிலிருந்து வந்த பளபளப்பான புது ஏபி கார் ஒன்று அவளைத் திண்டாட வைத்தது. நான் பதில் சொல்லவில்லை. வாட்ச்மேன் மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறவள், அவள்தான் விளக்கினாள். அஞ்சாங்கல் ஆடக் கற்றுக்கொடுப்பதும் அவள்தான். கூட்டாளிப் பிள்ளைகள் இல்லாமல் வீட்டுக்கல்வி இல்லை. மாலை நேரத்தை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

வெளியே அழைத்துப் போனால் ஒரே ஒரு பொருளைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஓர் இசைக் கடிகாரம் உண்டு. உள்ளிருந்து குட்டி மனிதன் வெளியே வந்து மணியடிப்பான். பன்னிரண்டு மணிக்குப் போனால் பன்னிரண்டு அடி எண்ணலாம். கூட்டம் கூடிவிடும், கால் மணி முன்னாலேயே இடம் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை. கடிகாரம் அடித்ததும் கிளம்பிவிடுங்கள். ஒரே நாளில் எல்லாக் கூடத்தையும் காட்டினால் பிள்ளைக்குக் கால்வலிதான் மிஞ்சும்.

பெருமைக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். விருந்தாளி முன்னால் “படிச்சுக் காட்டு” கிடையாது. கேட்பவரிடம், “பல்லாங்குழி ஆடிப் பாருங்க மாமா” என்று பலகையை நீட்டிவிடுவேன். பெரும்பாலும் மாமா தோற்பார். எனக்குப் பீற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால், அவள் தூங்கியபிறகு அப்பாவுக்கு ஃபோன் போடுவேன். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதியும் வைக்கிறேன்: இடது பக்கம் வந்தது, வலது பக்கம் இன்னும் வராதது. என் கண் தன்னால் இடது பக்கத்துக்கே போகும். அடுத்த வாரத் திட்டத்தை வலது பக்கத்திலிருந்துதான் போடுகிறேன்.

இதெல்லாம் எல்லா வீட்டுக்கும் சரிப்படாது. இருவரும் ஹைடெக் சிட்டிக்குக் காலையில் ஓடி இரவு திரும்புகிற வீட்டில், பாட்டி தாத்தாவும் இல்லையென்றால், ஓடியாடி விளையாட விடுகிற நல்ல பாலர் பள்ளியே மேல். பகலில் ஒருவர் முழுசாக வேண்டும். அவருக்கு மாலையில் மாற்று ஆளும் வேண்டும். எங்கள் வீட்டில் ஆறரை மணிக்கு மேல் அவள் அப்பா பொறுப்பு. நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கந்தகிரி கோயில் பக்கம் நடக்கப் போய்விடுவேன்.