பாதி விலை நாய்க்குட்டி

கேள்வி: ஒரே இன நாய்க்குட்டி, ஒரு கடையில் மட்டும் பாதி விலை. வாங்கலாமா?

பதில்: வாங்கப் போகிறவர் முதலில் தாய் நாயைக் காட்டச் சொல்ல வேண்டும். கடைக்காரர் மழுப்பினால், விலை குறைந்ததற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தடுப்பூசி, குடற்புழு மருந்து, தாய்க்குச் சத்தான தீனி, ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் நடுவே ஓய்வு எல்லாமே செலவு. இவற்றைக் கைவிட்டால் விலை தானாக இறங்கும். குட்டியை ஐந்தாறு வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்துவிட்டால் தீனிச் செலவும் மிச்சம். அப்படி வந்த குட்டிக்கு பார்வோ கழிச்சல் கண்டால், வாங்கியவர் மிச்சம் பிடித்த பணம் கால்நடை மருத்துவரிடம் போகும். குட்டி பல நேரம் பிழைப்பதில்லை.

தாய் நாயின் கதி என்னவாகும் என்பதற்கு, பிரிட்டனில் லூசி என்றொரு ஸ்பேனியல் நாய் உதாரணம். 2013இல் வேல்ஸில் உள்ள ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்டபோது, கூண்டிலேயே கிடந்து அதன் முதுகெலும்பு வளைந்திருந்தது. குட்டி போடுவதற்காகவே வைத்திருந்த நாய் அது. அதன் பெயரால் வழங்கும் சட்டம் 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட நாய், பூனைக் குட்டிகளைக் கடைகள் வாங்கி விற்க முடியாது. வளர்த்தவரே தாயோடு காட்டி விற்க வேண்டும்.

இந்தியாவில் அந்தத் தடை இல்லை. ஆனால் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி கடை, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றைக் கேட்கக் கூச்சமே வேண்டாம்.

அதே கடையில் பச்சைக்கிளியும் விலைக்கு இருந்தால் உடனே திரும்பிவிடலாம். நம் நாட்டுக் கிளிகளை விற்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.