படிக்க இயலாத எழுத்து

எழுத்து என்றால் படிப்பதற்கு என்றே எண்ணுகிறோம். கோவையில் 1911இல் பிறந்து, சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர் அப்படி எண்ணவில்லை. அவர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையில் மலையாளம் போன்ற வரிகள், கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டங்கள் ஆகியன நெருங்கி நிற்கின்றன. வரிகளைப் படிக்க முயன்றால் ஒரு சொல்லும் தேறாது! கணிதம் பயிலும் நமக்கே அக்குறிகள் கைகொடுக்கமாட்டா.

1966இல் ஈஞ்சம்பாக்கத்தில், நம் மரக்காணத்துக்கு வடக்கே இதே கடற்கரையில், அவர் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினார். பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்றே ஓவியர்கள் அங்கே வாழ்க்கை நடத்தினர்.

உப்பளத்தில் கைநாட்டு வைத்துக் கூலி வாங்கும் என் தாயாரிடம் அவ்வோவியத்தின் அச்சுப்படம் ஒன்றைக் காட்டினேன். "நீயே படிச்சுச் சொல்லுடா" என்றார். யாராலும் படிக்க முடியாது என்றதும் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

போருக்குப் பிந்திய ஜப்பானிலும் இம்முயற்சி நடந்தது. 1952இல் கியோட்டோவில் ஐவர் கூடி 'பொகுஜின்காய்' என்னும் மை எழுத்துக் கலைஞர் குழுவை அமைத்தனர். அவருள் இனோவே யூஇச்சி தொடக்கப் பள்ளி ஆசிரியர். 1945 மார்ச்சில் தோக்கியோ குண்டுவீச்சில் உயிர் தப்பியவர். 1955 வாக்கில் எழுத்தையே துறந்து வெறும் கோடுகளைத் தீட்டிப் பார்த்தார். பின்னர் எழுத்துக்கே திரும்பி, 'வறுமை' என்று பொருள்படும் ஒற்றை எழுத்தைப் பெரிய தாள்களில் மீண்டும் மீண்டும் எழுதினார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்த எனக்கு, பணிக்கரைவிட இவரே நெருக்கமாகப் படுகிறார்.